ஜன்னலின் நடுக்கம்பி

1

என் வேலை அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி ஒரு சிறிய ஊர், அதில் ஒரு அச்சகம். மாத்திரை, களிம்பு, சொட்டு மருந்து போட்டு விற்கிற பெட்டிகள் அங்கே அச்சாகின்றன. அச்சான தாளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்ல வேண்டும். பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிவகாசியில் அச்சுத் தொழில் படித்த கோவில்பட்டிக்காரனுக்கு ஜெர்மனியில் இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது.

போன வருடம் இதே மாதத்தில் ஒரு நாள், ஒரு முழு அடுக்கையே தப்பு என்று ஒதுக்கினேன். பெட்டியைச் சுற்றி ஓடுகிற நீலக் கோடு நடுவில் நெளிந்திருந்தது. மெஷின்காரர் டீட்டர் நல்ல மனிதர், ஆனால் அவர் அச்சடித்ததைக் குறை சொன்னால் காது சிவந்துவிடும். இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து கோட்டின் மேல் வைத்தார். ஒரு மயிரிழை விலகவில்லை. நான் சளைக்கவில்லை, உன் ஸ்கேல் வளைந்திருக்கிறது என்றேன். இன்னொரு ஸ்கேல் வந்தது. அதுவும் வளைந்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. அப்போதுகூட எனக்குச் சந்தேகம் என் மேல் வரவில்லை, ஸ்கேல் விற்ற கடைக்காரன் மேல்தான் வந்தது. எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் அப்படி.

டீட்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கதவு நிலையைக் காட்டி, அது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நிலையும் நெளிந்திருந்தது. அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, இன்றைக்கே கண் டாக்டரிடம் போ என்றார். பதினேழு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

2

கண் ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியைப் பார்த்தால் சுற்றியுள்ள கோடுகள் நேராகத் தெரிய வேண்டும். எனக்கு வலது கண்ணில் கட்டங்கள் நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி சுருங்கியிருந்தன. விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிறது என்றார்கள். நாற்பத்தாறு வயதில் இது வருவதில்லையே என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே கண்ணுக்குள் முதல் ஊசி போட்டார்கள். பிறகு மரபணு ஆலோசனைக்கு அனுப்பினார்கள்.

ஆலோசனை சொல்கிற டாக்டரம்மா மெலிந்த, பொறுமையான பெண்மணி. ஒரு பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கண் பார்வை போனவர்களுக்கு உள்ளே கறுப்பு. அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அம்மா அப்பாவுக்கு அத்தை மகள் என்றேன். அவர் மாமாவைப் பற்றிக் கேட்டால் நான் எந்த மாமா என்று திருப்பிக் கேட்பேன். அவர்கள் மொழியில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் ஒரே சொல்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து நின்றதும் டாக்டரம்மா ரப்பரை எடுத்து அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். எனக்கே பாவமாக இருந்தது.

அப்பாவின் பார்வை எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கழுகுமலை ரோட்டில் அப்பா ஒரு சிறிய தீப்பெட்டி யூனிட் வைத்திருந்தார். சட்டத்தில் அடுக்கி மருந்தில் முக்கிக் காயப்போட்ட குச்சிகளின் மேல் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டுவார். எந்தக் குச்சியில் மருந்து கூடுதல், எதில் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அண்ணாச்சி கண்ணால பாக்க மாட்டாக, விரலாலதான் பாப்பாக என்று யூனிட்டில் வேலை செய்த பெண்கள் சொல்லிச் சொல்லி அது எங்கள் வீட்டுப் பெருமை ஆகிவிட்டது. இங்கே வந்த புதிதில் டீட்டரிடம்கூட அதைச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மாவின் பென்சில் நின்றது. "ஏன் விரலால்?" என்று கேட்டார்.

நாற்பத்தாறு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அப்பா தினசரிப் பேப்பரை என்னிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வது ஞாபகம் வந்தது. கண்ணாடி உள்ள இருக்கு, நீயே வாசிலே, உனக்குத் தமிழ் நல்லா வரணும்லா என்பார். வெளிச்சம் மங்கிய பிறகு சைக்கிளைத் தொட மாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முதலில் பேசுகிற வரைக்கும் பேசாமல் இருப்பார். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் சதுரத்தை மெதுவாகக் கறுப்பாக்கினார்.

3

ஏழு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டிம்ப் மூன்று என்று ஒரு மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் உடம்பில் செல்களைச் சுற்றி ஒரு வலை இருக்கிறது. செல்கள் உட்கார இடமும் சாப்பாடு வரப் பாதையும் அதுதான். அந்த வலையை உடம்பு எந்நேரமும் பழையதை உடைத்துப் புதிதாகப் பின்னிக்கொண்டே இருக்கிறது. கயத்தாறு பக்கம் நாற்கர ரோட்டைத் தோண்டிப் போடுகிற வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டுகிறவர்கள் அளவுக்கு மீறித் தோண்டாமல் தடுக்க மேஸ்திரிகள் வேண்டும். அந்த மேஸ்திரிகளை அனுப்புவது இந்த மரபணுவின் வேலை. எங்கள் குடும்பத்து மேஸ்திரிகள் வேலைக்கு ஒழுங்காக வருகிறார்கள், ஆனால் வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. விழித்திரைக்கு அடியில் இருக்கிற சவ்வில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சவ்வு தடித்துப்போகிறது, சாப்பாட்டு லாரி உள்ளே நுழைய முடிவதில்லை. நாற்பது வயதுக்கு மேல் உடம்பு பொறுமையிழந்து, வயல் வழியாகக் குறுக்குப் பாதை போடப் பார்க்கிறது. மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் லாரியை இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தக் குறுக்குப் பாதைகள்தான் கசிகிற ரத்தக் குழாய்கள். கசிந்து தழும்பாகிவிட்டால் பார்வையின் நடுப்பகுதி போய்விடும், திரும்ப வராது. தழும்பாகும் முன் பிடித்தால் ஊசி போட்டுக் காப்பாற்றலாம். தாமதம் வாரக்கணக்கில்தான் பொறுக்கும், மாதக்கணக்கில் பொறுக்காது என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒரு கண்ணில்தான் தொடங்கியிருந்தது. டீட்டரின் ஸ்கேல் என்னைச் சரியான நேரத்தில் பிடித்துக் கொடுத்திருந்தது.

அப்பா வழியில் வந்திருந்தால் அக்காவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சந்திரா அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கோவில்பட்டியில் இருக்கிறாள், அத்தான் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். அவளுக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். சட்டம் அனுமதிக்காது என்றார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு மனிதருக்கு உரிமை இருக்கிறதாம். அதற்குப் பதிலாக மூன்று படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். 'அன்புள்ள உறவினருக்கு' என்று தொடங்கியது, பெயர் எழுதவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம் என்றார். இந்த நாட்டில் எதையும் தாளில் தந்துவிட்டால் முடிந்தது.

என் மகள் நிலாவுக்கும் அதே பாதி வாய்ப்பு. அவளுக்குப் பத்தொன்பது வயது. உடனே பரிசோதனை செய்துகொள் என்று வீட்டில் சத்தம் போட்டேன். அவள் ஜெர்மன் மொழியில், இது என்னுடையது அப்பா என்றாள். எது என்று கேட்டேன். என் ரத்தம், என் முடிவு என்றாள். தமிழில் சொல்லு என்று கத்தினேன், எதற்குக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி உமா நடுவில் வந்து இரண்டு பேரையும் இரண்டு அறைக்கு அனுப்பினாள்.

4

கடிதம் பத்து நாள் என் பையிலேயே கிடந்தது. எனக்குப் பயம். அக்கா மகள் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சங்கரன்கோவில் மாப்பிள்ளை, மூன்று மாதத்தில் முகூர்த்தம். இந்த நேரத்தில் போய் கண், வியாதி, பரம்பரை என்று எப்படி வாயைத் திறப்பது?

அப்போதுதான் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்தது. அக்கா அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல்பதிவு: நான் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு, நீயும் ஒருக்கா பாத்துக்கோ. மதிய இடைவேளையில் போனைப் பெரிதாக்கி, இடது கண்ணால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அச்சுப் பிழை பார்க்கிறவன் கையில் பத்திரிகை வந்தால் விடுவானா? மூன்றாவது வரிக்கு வந்தேன். தாய்மாமன்: ப. கணேசமூர்த்தி, விளாத்திகுளம்.

யார் அந்தக் கணேசமூர்த்தி?

செல்விக்குத் தாய்மாமன் உலகத்தில் நான் ஒருவன்தான். காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தவன் நான். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போனவன்தானே, வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று வேறு ஆளைப் பிடித்துப் போட்டுவிட்டார்களா? சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன். பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தேன். இனி உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்பது அதில் கடைசி.

அக்கா சாவகாசமாகப் பேசினாள். உன் பேர் மூணாவது வரியில இருக்குலா, நல்லா பெரிசாவே போட்டிருக்கான் என்றாள்.

அந்த வரியை வாசி என்றேன்.

"கண்ணாடி உள்ள இருக்குலே. செல்வி வரட்டும், வாசிக்கச் சொல்லுதேன்."

கண்ணாடி உள்ளே இருக்கிறது. அப்பாவின் குரலே வந்து பேசின மாதிரி இருந்தது. அடுக்கிவைத்த வசவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. விளாத்திகுளத்தில் யாருக்கோ அடித்த பத்திரிகையில் பெயர்களை மாற்றும்போது அச்சகத்துக்காரன் ஒரு வரியை மாற்ற மறந்திருக்கிறான். எங்கள் தொழிலில் அது நடக்கிறதுதான். ஆனால் என் அக்கா அதை விட்டிருக்க மாட்டாள். யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் எந்தச் சித்தப்பா பெயர் முன்னால், எந்த மச்சான் பெயர் விடுபட்டது என்று பார்த்துச் சொல்கிறவள் அவள். தம்பி இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான், அவள் சரி என்கிறாள்.

அக்கா, எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். முன்னறையில் என்றாள். அந்த வீட்டு முன்னறையில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். நேர்நேராக இரும்புக் கம்பிகள்.

ஜன்னலைப் பார், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள், கம்பியெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என்னலே விளையாட்டு இது என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கம்பியும் இருக்கு, ரெண்டு மட்டும் லேசா நெளிஞ்சாப்ல இருக்கு என்றாள். இப்போது மற்ற கண்ணைப் பொத்து என்றேன்.

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நடுக்கம்பியைக் காணும்லே," என்றாள் அக்கா.

5

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சொன்னாள். அப்பாவுக்குப் பார்வை போனது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நான் அப்போது சிவகாசி விடுதியில் இருந்தேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உனக்குச் சொன்னா பஸ் ஸ்டாண்டுல போர்டு எழுதி வச்ச மாதிரிலா என்றாள்.

கண் போன வீடு என்று பெயர் வந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அப்பா பயந்திருக்கிறார். மருந்துப் புகையால் வந்தது என்று வீட்டுக்குள் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தாத்தா ஒரு நாளும் தீப்பெட்டி யூனிட்டுக்குள் போனதில்லை, அவருக்கும் அப்படித்தான் ஆனது. அது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்தில் யாரும் இல்லாத நேரத்தில், அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நடந்து காட்டியிருக்கிறாள். வாசலிலிருந்து மேடைப் படி வரைக்கும் இருபத்திரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும், படி நாலு. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பா தலையை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், நேராக நடந்து போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன மிடுக்கு என்று எல்லாரும் பேசினார்கள். மணப்பெண் மனதுக்குள் எட்டு எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும்.

நாளைக்கே மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். அவளுக்கு ஒரு வருடமாகவே தெரிந்திருக்கிறது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் அப்பாவின் வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் முடியட்டும்லே. கண்ணாஸ்பத்திரி வாசல்ல சங்கரன்கோவில்காரவிய ஒருத்தர் பாத்தாப் போதும், எம் பிள்ள வாழ்க்கை போச்சு."

அதற்குள் இன்னொரு கண்ணும் போய்விடும் என்றேன். போனாப் போகுது, அப்பா கடைசி வரைக்கும் அப்படித்தானே இருந்தாக என்றாள். கல்யாணத்துக்கு வர மாட்டேன், மாலை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று மிரட்டினேன். அந்த விளாத்திகுளத்துக்காரரை வரச் சொல்லிக்கிடுதேன் என்று போனை வைத்துவிட்டாள்.

6

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பதினேழு வருடம் இந்த நாட்டில் இருந்து இவர்கள் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாயால் சொல்லிக் கேட்கவில்லையா, தாளில் கொடு. அந்த உறவினர் கடிதத்தை எடுத்து வைத்து நாலு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். வார்த்தை தெரியாத இடத்தில் சுற்றிவளைத்து எழுதினேன். நிலா, அவளாகவே வந்து, அதை அழகாகக் கட்டம் போட்டுத் தட்டச்சு செய்து கொடுத்தாள். தமிழ் எழுத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்து அடித்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அனுப்பியதும், என் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி வந்தது. டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்று ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. படிக்க முடியாதவளுக்கு நான் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் கம்பி தெரியாதவள் நாலு பக்கத்தை எப்படிப் படிப்பாள்? யாரையாவது வாசிக்கச் சொல்வாள். அந்த வீட்டில் வாசிக்கிறவள் செல்விதான்.

ரயிலிலேயே போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் செல்வியே கூப்பிட்டாள். அவள் குரலில் அழுகை இல்லை.

"மாமா, அம்மா வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சேன். பத்திரிகை விஷயமா ஏதோ எழுதியிருக்கீங்கன்னு நினைச்சுட்டாங்க. ரெண்டாவது பத்தியிலேயே நிறுத்துன்னு சொன்னாங்க. நான் நிறுத்தல."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறியாயிற்று, சாத்தூரைத் தாண்டிவிட்டது என்றாள். பக்கத்தில் அக்கா இருப்பது தெரிந்தது. அவளிடம் கொடு என்றேன். அம்மா பேச மாட்டேங்குதாங்க என்றாள்.

சங்கரன்கோவிலுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடு என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு துடித்தது. அதைச் சொல்லவில்லை என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசைதான். சொன்னேன். கல்யாணம் முடிகிறவரை வாயைத் திறக்காதே செல்வி, உனக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே என்றேன்.

"ராத்திரி அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. மறைச்சுக் கட்டிக்கிட்டா நானும் தாத்தா மாதிரி காலம்பூரா எட்டு எண்ணிக்கிட்டே நடக்கணும் மாமா. எனக்கு ஏலாது."

7

அக்காவின் இடது கண்ணில் தழும்பு விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். வலது கண்ணில் கசிவு இருந்தது, இன்னும் தழும்பாகவில்லை. அன்றைக்கே ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அத்தான் சொன்னார்.

செல்வி மாப்பிள்ளைப் பையனிடம் நேரிலேயே சொன்னாள். அவன் நல்லவிதமாகத்தான் கேட்டுக்கொண்டானாம். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். ஜாதகத்தில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்று இப்போதுதான் தெரிந்ததாம். தட்டு மாற்றிக்கொண்ட பிறகு ஜாதகம் பார்க்கிறவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. பத்திரிகை அச்சுக்குப் போகவே இல்லை.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். போன் போட்டால் அத்தான் எடுப்பார். அத்தான் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். அவ குளிக்கா, அவ கோயிலுக்குப் போயிருக்கா, அவ தூங்குதா. எட்டு மாதம் அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு மாதா மாதம் ஊசி. கண்ணில் சொட்டு விட்டு மரத்துப்போக வைத்து, இமையை ஒரு கம்பியால் விரித்துப் பிடித்து, மேலே பார் என்பார்கள். வலி இல்லை, உள்ளே தண்ணீரில் மை கலந்தாற்போல் ஒரு நிழல் ஓடும். அங்கே மதுரையில் அக்காவுக்கும் அதே ஊசி, அநேகமாக அதே வாரம். இதே கூரையைப் போல் ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்து ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். இதை எப்படிப் பார்த்தாலும் எனக்கு மனது ஆறவில்லை.

நிலா ஒரு நாள் என் ஊசிக்குத் துணையாக வந்தாள். திரும்பும்போது, எப்போது பரிசோதனை செய்வது என்று நானே சொல்கிறேன் அப்பா, அதுவரைக்கும் கேட்காதே என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டிவைத்திருக்கிற கட்டத் தாளின் முன் அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றதை உமா பார்த்திருக்கிறாள். அதையும் நான் கேட்கவில்லை.

போன ஆடி மாதம் அத்தான் ஒரு சேதி சொன்னார். இருக்கன்குடிக்குப் போய் அக்கா வெள்ளியில் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்தியிருக்கிறாள். ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. ஒன்று அவளுக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"அதை நான் கேக்கல, மாப்ள. கேட்டா எனக்கும் பேச்சு நின்னுரும்."

8

செல்விக்கு இன்னொரு இடம் அமைந்தது. பையன் கயத்தாறில் இருந்து தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவன். பெண் பார்க்க வந்த அன்றே செல்வி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவன் அம்மா, எங்க வீட்டுல நாப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் நெஞ்சுவலி, நாங்க யாரும் பொண்ணு பாக்க வாரப்ப அதைச் சொன்னதில்ல என்றாளாம். செல்வி தானாகப் போய் மதுரையில் பரிசோதனையும் செய்துகொண்டாள். முடிவு அவளுக்கும் அந்தப் பையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அது அவளுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எட்டு மாதம் கழித்து அக்காவின் முகம். இளைத்திருந்தாள். பின்னால் அந்த ஜன்னல் தெரிந்தது. எப்படி இருக்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்திரிகை மாதிரி வந்திருக்கு, வாசிக்கேன் கேளு என்றாள்.

தாளைத் தூக்கி வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்தாள். முருகன் துணை, நிகழும் மங்கலகரமான என்று ஒவ்வொரு சொல்லாக, சில இடத்தில் எழுத்துக் கூட்டி, தப்பானால் திரும்பப் போய், வாசித்தாள். இடையில் நான் வாயைத் திறந்தால், சும்மா இருலே என்றாள். செல்வி பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிக்கு வந்தாள். தாய்மாமன் என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். தாளை விலக்கினாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள். கண் ஒத்துழைக்கவில்லையோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"சு. மாரிச்செல்வம், ஜெர்மனி," என்று வாசித்தாள். "இருக்குலே. நீ இருக்கே."

அவள் பொத்தியிருந்த கையை எடுத்து இரண்டு கண்ணையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழைய குரலில், அதிகாரமாகச் சொன்னாள்:

"விளாத்திகுளத்துல அந்தக் கணேசமூர்த்தி வீட்டை விசாரிக்கச் சொல்லி அத்தானை அனுப்பியிருக்கேன். அவிய பேரு வந்ததாலதான்லே உன் பேரை வாசிக்க எனக்கு ஒரு கண்ணு இருக்கு. அவியளுக்கும் பத்திரிகை வைக்கணும். மேடையில உன் பக்கத்துலதான் நிப்பாக, அங்கன வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாதே."